ஆய்வுக்கு விதை கேட்டு எழுதும் முன்: தாவர மரபணு வளங்களும் உரிமைகளும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதை, கிழங்கு, ஒட்டுத்தண்டு, திசு, டி.என்.ஏ. என்று எதையாவது இன்னொரு நிறுவனத்திடமிருந்தோ இன்னொரு நாட்டிலிருந்தோ வாங்கி ஆய்வு செய்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலோர் கேட்பது வேலையெல்லாம் முடிந்த பிறகு, புது ரகம் தயாராகி வெளியிடப்போகும் நேரத்தில். அப்போது சொல்ல என்னிடம் நல்ல செய்தி இருப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பொருள் உங்கள் கைக்கு எந்த அனுமதியில் வந்தது என்பது ஒரு கேள்வி. அதை வைத்து நீங்கள் உருவாக்கியதில் யாருக்கு என்ன உரிமை என்பது வேறு கேள்வி. முதலாவதை அணுகல், பலன் பகிர்வு பற்றிய ஒப்பந்தங்கள் ஆள்கின்றன, இரண்டாவதைக் காப்புரிமைச் சட்டமும் ரகப் பாதுகாப்புச் சட்டமும் ஆள்கின்றன. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

தாவர மரபணு வளம் என்றால் எது எது?

மரபுப் பண்புகளைக் கடத்தக்கூடிய, இப்போதோ பிறகோ பயன்படக்கூடிய எந்தத் தாவரப் பொருளும். நாட்டு ரகம், வெளியிடப்பட்ட ரகம், ஆய்வாளரின் கையில் பாதியில் நிற்கும் கலப்பு வரிசை, காட்டில் வளரும் பயிர் உறவினம், எல்லாமே சேரும். விதையாக இருக்க வேண்டும் என்பதில்லை, மகரந்தமும் திசு வளர்ப்புக் குப்பியில் இருக்கும் நாற்றும்கூட அதே கணக்குத்தான்.

முன்பெல்லாம் ஒரு கடிதம் எழுதினால் விதை வந்துவிடுமே, எப்போது மாறியது?

மாறியது 1990-களில். அதற்கு முன் பயிர் விதைகள் மனித குலத்தின் பொதுச்சொத்து என்ற எண்ணம்தான் இருந்தது. 1983-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு ஏற்றுக்கொண்ட சர்வதேச உறுதிமொழி அதைத்தான் சொன்னது, ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. அதே காலத்தில் பணக்கார நாடுகளில் புது ரகங்களுக்குத் தனியுரிமை வலுத்துக்கொண்டே போனது. தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் விவசாயிகள் பல தலைமுறைகளாகக் காத்து வைத்த ரகங்களைச் சும்மா எடுத்துப்போய், அதிலிருந்து உருவாக்கியதைத் திரும்ப அவர்களுக்கே விலைக்கு விற்பது நியாயமா என்று அந்த நாடுகள் கேட்டன. கேட்டது சரிதான் என்றே நான் நினைக்கிறேன்.

அதன் விளைவாக 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1993 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த உயிரியல் பன்மய உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் மரபணு வளங்கள் மீது இறையாண்மை உண்டு என்று எழுதி வைத்தது. எடுக்க வேண்டுமானால் அந்த நாட்டிடம் விவரம் சொல்லி முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகள் வேண்டும், பலனைப் பகிர வேண்டும். இந்தக் கடமைகளை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதை 2010-ல் ஏற்கப்பட்டு 2014 அக்டோபர் 12-ல் அமலுக்கு வந்த நகோயா நெறிமுறை விரித்துச் சொல்கிறது.

பயிர்களுக்குத் தனி ஒப்பந்தம் ஏன் தேவைப்பட்டது?

ஒரு உதாரணம் போதும். 1970-களில் ஆசிய நெல் வயல்களைப் புல்குட்டை நோய் என்ற வைரஸ் அடித்துக்கொண்டிருந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்துப் பார்த்ததில், ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில்தான் நல்ல எதிர்ப்பு கிடைத்தது. அது இந்தியாவிலிருந்து வந்தது. அந்த எதிர்ப்பு ஐ.ஆர்.36 உள்ளிட்ட ரகங்களுக்குள் போய்ப் பல நாடுகளின் வயல்களைக் காப்பாற்றியது. எந்த நாடும் தன் பயிர்களை மேம்படுத்தத் தன் விதையை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஒரு நவீன நெல் ரகத்தின் வம்சாவளியை எடுத்துப் பார்த்தால் பல நாடுகளின் நாட்டு ரகங்கள் அதில் கலந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாட்டோடு தனித்தனியாகப் பேரம் பேசி ஒப்பந்தம் போட வேண்டும் என்றால் எந்தப் பயிர் ஆய்வாளரும் வேலை செய்ய முடியாது.

அதனால் 2001 நவம்பரில் ரோமில் உணவுக்கும் வேளாண்மைக்குமான தாவர மரபணு வளங்கள் பற்றிய சர்வதேச ஒப்பந்தம் ஏற்கப்பட்டு, 2004 ஜூன் 29-ல் அமலுக்கு வந்தது. விதை ஒப்பந்தம், பயிர் ஒப்பந்தம் என்றெல்லாம் சுருக்கிச் சொல்வார்கள். இன்று 150-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அதில் இருக்கிறார்கள். அது பலதரப்பு அமைப்பு என்ற ஒரு பொதுத் தொகுப்பை உருவாக்கியது. அதில் உள்ள விதையை யார் கேட்டாலும் ஒரே மாதிரியான, முன்பே எழுதி வைத்த நிபந்தனையில் தருவார்கள், பேரம் கிடையாது.

என் பயிர் அந்தத் தொகுப்பில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் 64 பயிர்களும் தீவனங்களும் உள்ள பட்டியல் இருக்கிறது. நெல், கோதுமை, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, உருளைக்கிழங்கு, மரவள்ளி, வாழை, தென்னை, துவரை, கொண்டைக்கடலை, கத்தரி எல்லாம் உண்டு. சோயா, நிலக்கடலை, தக்காளி, வெங்காயம், கரும்பு இல்லை. ஏன் இல்லை என்று அறிவியல் காரணம் தேடாதீர்கள், பட்டியல் பேச்சுவார்த்தை மேசையில் பிறந்தது. தங்கள் மண்ணில் தோன்றிய மதிப்புள்ள பயிர்களைச் சில நாடுகள் விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பயிர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். அரசின் நிர்வாகத்திலும் கட்டுப்பாட்டிலும் இருந்து, பொதுவெளியில் இருக்கும் பொருள்தான் தானாகத் தொகுப்பில் சேரும். ஒரு விவசாயியின் வயலில் நிற்கும் நாட்டு ரகமோ ஒரு தனியார் நிறுவனத்தின் சேமிப்போ அப்படித் தானாகச் சேராது. இன்னொரு பக்கம், பட்டியலில் இல்லாத பயிர்களையும் அதே ஒப்பந்தப் படிவத்தில் தரும் விதை வங்கிகள் இருக்கின்றன. சர்வதேச வேளாண் ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் மையங்களும் ஐரோப்பாவின் சில தேசிய வங்கிகளும் அப்படித் தருகின்றன. ஆகவே பயிரின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கொடுக்கும் வங்கி எந்தப் படிவத்தில் தருகிறது என்று கேளுங்கள்.

எஸ்.எம்.டி.ஏ.வில் கையெழுத்துப் போட்டால் நான் எதற்கெல்லாம் கட்டுப்படுகிறேன்?

எஸ்.எம்.டி.ஏ. என்பது அந்த முன்பே எழுதி வைத்த படிவத்தின் பெயர், பொருள் பரிமாற்றத்துக்கான நிலையான ஒப்பந்தம். 2006-ல் மாட்ரிட்டில் உறுப்பு நாடுகள் சேர்ந்து ஏற்றுக்கொண்டது. இதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. கையெழுத்துக்கூடப் போட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் கட்டுப்பட்டிருப்பீர்கள், ஏனென்றால் விதை உறையைப் பிரித்தாலே ஏற்றதாக அர்த்தம் என்ற முறையும், இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஏற்றதாக அர்த்தம் என்ற முறையும் இதில் உண்டு. உறையோடு வந்த தாளைக் குப்பையில் போட்டுவிட்டு விதையை மட்டும் எடுத்து விதைத்தவர்கள் எத்தனையோ பேர்.

என்ன செய்யலாம் என்றால், உணவுக்கும் வேளாண்மைக்குமான ஆய்வு, இனமேம்பாடு, பயிற்சி. மருந்து, ரசாயனம், உணவோ தீவனமோ அல்லாத தொழில்துறைப் பயன்பாடு எதற்கும் இந்தப் படிவத்தில் வந்த விதையைத் தொடக்கூடாது. வேறொருவருக்குக் கொடுத்தால் அவரும் அதே படிவத்தில்தான் வாங்க வேண்டும், பக்கத்து ஆய்வகத்தின் நண்பராக இருந்தாலும் சரி. விதையைப் பாதுகாத்து வைத்தால் மற்றவர்களுக்கும் அதைத் தர வேண்டும். ஆய்வில் கிடைத்த, ரகசியமல்லாத தகவல்களையும் பகிர வேண்டும். நீங்கள் கலப்பு செய்து பாதியில் வைத்திருக்கும் வரிசைகளை உருவாக்கும் காலத்தில் யாருக்குத் தருவது என்பது உங்கள் விருப்பம், ஆனால் தந்தால் மூலப் பொருள் எது என்று குறிப்பிட்டு இதே படிவத்தில்தான் தர வேண்டும்.

பணம்? அந்த விதையிலிருந்து உருவான ரகத்தை நீங்கள் சந்தைக்குக் கொண்டுவந்து, மற்றவர்கள் அதை மேலும் ஆய்வுக்கும் இனமேம்பாட்டுக்கும் பயன்படுத்த முடியாதபடி தடுத்தால், விற்பனையில் 30 சதவீதம் கழித்துவிட்டு மிச்சத்தில் 1.1 சதவீதம், அதாவது மொத்த விற்பனையில் 0.77 சதவீதம், ஒப்பந்தத்தின் பலன் பகிர்வு நிதிக்குக் கட்டாயம் கட்ட வேண்டும். காப்புரிமை பெரும்பாலும் அப்படித் தடுக்கும், ரகப் பாதுகாப்பு பொதுவாகத் தடுக்காது. தடுக்காவிட்டால் கட்டுவது உங்கள் விருப்பம். இந்தச் சட்டகத்தில் வெளிப்படையான பலவீனம் ஒன்று இருக்கிறது. ஒரு ரகம் உருவாகி விற்பனைக்கு வர பத்து, பதினைந்து வருடம் ஆகும், அதுவரை நிதிக்கு எதுவும் வராது. அதற்குப் பிறகும் வந்த கட்டாயப் பணம் எதிர்பார்த்ததற்கு அருகில்கூட இல்லை, நிதி பெரும்பாலும் அரசுகளின் நன்கொடையில்தான் ஓடியிருக்கிறது. இதைச் சரிசெய்ய 2013-ல் தொடங்கிய பேச்சுவார்த்தை 2019-ல் முறிந்து, 2022-ல் மறுபடி தொடங்கியது.

'பெற்ற வடிவில்' காப்புரிமை கேட்கக் கூடாது என்கிறதே, அதன் அர்த்தம் என்ன?

இந்த ஒரு சொல்லில்தான் அதிகச் சண்டை. தொகுப்பிலிருந்து பெற்ற விதைக்கும் அதன் மரபுப் பகுதிகளுக்கும், பெற்ற வடிவிலேயே, அணுகலைத் தடுக்கும் உரிமை கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் வாசகம். விதையை அப்படியே பதிவு செய்ய முடியாது, இதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த விதையிலிருந்து ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்து, அதன் வேலையைக் கண்டுபிடித்து, வேறொரு பயிருக்குள் வைத்தால் அது இன்னும் பெற்ற வடிவமா? இல்லை, வடிவம் மாறிவிட்டது என்று சில நாடுகள் சொல்கின்றன. மரபுப் பகுதி என்ற சொல் வாசகத்திலேயே இருக்கிறதே என்று வேறு சில நாடுகள் சொல்கின்றன. வேண்டுமென்றே திறந்து விடப்பட்ட வாசகம் இது, அப்படி விட்டால்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள் என்ற நிலை அன்று இருந்தது. என் கருத்து கேட்டால், இயற்கையில் இருந்த மரபணுவை வெறுமனே கண்டுபிடித்து எழுதியதற்கு உரிமை கேட்பது ஒப்பந்தத்தின் மனசாட்சிக்கு விரோதம்.

என் பயிர் அந்த ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. நகோயா வழியில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பொருள் எந்த நாட்டிலிருந்து வருகிறதோ அந்த நாடு அணுகலைக் கட்டுப்படுத்துகிறதா என்று பாருங்கள். எல்லா நாடுகளும் கட்டுப்படுத்துவதில்லை, ஐரோப்பாவில் பல நாடுகள் அனுமதியே கேட்பதில்லை. அணுகல், பலன் பகிர்வுக்கான தகவல் மையம் என்ற ஐ.நா. இணையதளத்தில் ஒவ்வொரு நாட்டின் சட்டமும் பொறுப்பான அலுவலகமும் இருக்கும். அந்த அலுவலகத்துக்கு எழுதி, என்ன எடுக்கிறீர்கள், எதற்கு, யாரோடு, வெளியே கொண்டுபோவீர்களா என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். அனுமதி அந்தத் தளத்தில் பதிவானால் சர்வதேச அளவில் ஏற்கப்படும் இணக்கச் சான்றிதழாக மாறும், அதன் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர்ச் சமூகங்களின் பாரம்பரிய அறிவு சம்பந்தப்பட்டால் அவர்களின் சம்மதமும் தனியாக வேண்டும், அரசு ஒப்புதல் அதற்கு மாற்றாகாது. வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கு எளிய நடைமுறை வையுங்கள் என்று நெறிமுறையின் 8-ஆவது பிரிவு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது, பல நாடுகளில் அந்த வழி இருக்கிறது. ஆனால் பிறகு வணிகத்துக்கு மாறினால் திரும்பிப் போய்ப் புதிதாகப் பேச வேண்டும். விண்ணப்பத்திலேயே அந்த மாற்றத்துக்கு ஒரு பத்தி எழுதி வையுங்கள்.

பயன்படுத்துபவர் இருக்கும் நாடும் கேட்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு 511-ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, பயன்படுத்தி முடித்த பிறகும் 20 வருடம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். ஒரு ஆய்வு மாணவர் படிப்பை முடித்துப் போய், ஆய்வகத் தலைவரும் ஓய்வு பெற்று, கட்டடமே மாறிவிடும் காலம் அது. தனிப்பட்ட மின்னஞ்சலில் அனுமதிக் கடிதத்தை வைத்திருப்பது போதாது என்று சொல்வது அதனால்தான்.

1993-க்கு முன்பே எங்கள் சேமிப்பில் இருந்த விதைக்கும் இதெல்லாம் பொருந்துமா?

சர்வதேச அளவில் பெரும்பாலும் பொருந்தாது, உடன்படிக்கை பின்னோக்கிச் செல்லாது. ஆனால் சில நாடுகளின் உள்நாட்டுச் சட்டம், எப்போது சேகரித்தது என்று பார்க்காமல் எப்போது பயன்படுத்துகிறீர்கள் என்று பார்க்கும். சேகரித்த தேதிக்குச் சான்று இருந்தால்தான் இந்த வாதத்தையே வைக்க முடியும்.

காப்புரிமையும் ரகப் பாதுகாப்பும் ஒன்றுதானே?

இல்லை. ரகப் பாதுகாப்பு என்பது புதிய தாவர ரகங்களைப் பாதுகாக்க 1961-ல் பாரிஸில் உருவான உபோவ் உடன்படிக்கையின் வழியில் வந்தது. ஒரு ரகம் புதியதாக, மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டதாக, சீராக, தலைமுறைக்குத் தலைமுறை மாறாததாக இருந்தால் போதும், கண்டுபிடிப்புத் திறமை எதுவும் காட்ட வேண்டியதில்லை. 1991 திருத்தத்தின்படி குறைந்தது 20 வருடம், மரங்களுக்கும் திராட்சைக் கொடிகளுக்கும் 25 வருடம். காப்புரிமை என்பது ஒரு கண்டுபிடிப்புக்கு, அது மரபணுவாகவோ முறையாகவோ பண்பாகவோ இருக்கலாம், புதுமையும் கண்டுபிடிப்புப் படியும் காட்ட வேண்டும், அதன் பிடி பல ரகங்கள் மீது ஒரே நேரத்தில் விழலாம்.

1995-ல் அமலுக்கு வந்த டிரிப்ஸ் என்ற, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தத்தின் 27.3(பி) பிரிவு, தாவரங்களைக் காப்புரிமையிலிருந்து விலக்க நாடுகளுக்கு இடம் தருகிறது, ஆனால் தாவர ரகங்களுக்கு ஏதோ ஒரு பாதுகாப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. அது காப்புரிமையாகவும் இருக்கலாம், நாடு தனக்கென வகுத்த சட்டமாகவும் இருக்கலாம். இந்தியா 2001-ல் இயற்றிய சட்டம் இரண்டாவது வகை, ரகம் உருவாக்கியவரின் உரிமையோடு விவசாயியின் உரிமையையும் ஒரே சட்டத்தில் வைத்தது. அமெரிக்காவில் 1930-லிருந்தே விதையில்லாமல் பெருக்கும் தாவரங்களுக்குத் தனிக் காப்புரிமை உண்டு. விதையால் பெருகும் தாவரங்களும் சாதாரணக் காப்புரிமை பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் உறுதி செய்தது.

வணிகப் பெயரும் ரகத்தின் பெயரும் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிங்க் லேடி என்பது வணிக முத்திரை, அந்த ஆப்பிள் ரகத்தின் பெயர் கிரிப்ஸ் பிங்க். ரகப் பாதுகாப்புக்குக் கால வரம்பு உண்டு, முத்திரையைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பாதுகாக்கப்பட்ட ரகத்தை என் கலப்பில் பெற்றோராகப் பயன்படுத்தலாமா?

ரகப் பாதுகாப்பு மட்டும் இருந்தால், ஆம். புது ரகம் உருவாக்குபவருக்குத் தரும் இந்த விலக்குத்தான் உபோவின் உயிரே. கேட்காமலே கலக்கலாம், அதில் வந்த புது ரகத்தை விற்கலாம். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். புது ரகத்தை உற்பத்தி செய்ய ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய ரகம் தேவைப்பட்டால் அனுமதி வேண்டும். 1991 திருத்தத்தின்படி, உங்கள் ரகம் பழைய ரகத்திலிருந்து அடிப்படையில் வழிவந்ததாகக் கருதப்பட்டால், உதாரணமாகப் பழைய ரகத்தோடே திரும்பத் திரும்பக் கலந்து (பின்கலப்பு) ஒரே ஒரு பண்பை மட்டும் சேர்த்திருந்தால், விற்பனைக்குப் பழைய உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

காப்புரிமை இருந்தால் கதை வேறு. ஆய்வுக்கு விலக்கு உண்டு என்று பல்கலைக்கழகங்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு மேடே எதிர் டியூக் வழக்கின் தீர்ப்பு அந்த விலக்கை மிகக் குறுகலாக்கிவிட்டது, லாப நோக்கில்லாத பல்கலைக்கழகமாக இருந்தாலும் ஆராய்ச்சி அதன் தொழில்தானே என்று நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பாவில் ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்ற ஒப்பந்தத்தின் 27-ஆவது பிரிவு, புது ரகங்களை உருவாக்கவோ கண்டறிந்து வளர்க்கவோ உயிரியல் பொருளைப் பயன்படுத்த இடம் தருகிறது. ஆனால் உருவான ரகத்தில் அந்தக் காப்புரிமைப் பண்பு இன்னும் இருந்தால் விற்க உரிமம் வேண்டும். நாட்டுக்கு நாடு மாறும், எந்த நாட்டில் கலக்கிறீர்களோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

ஏற்கெனவே இருக்கும் ரகத்துக்கு யாராவது காப்புரிமை வாங்கிவிட்டால்?

நடந்திருக்கிறது. மெக்சிகோவில் வாங்கிய மஞ்சள் நிற பீன்ஸிலிருந்து தேர்வு செய்த ஒரு வரிசைக்கு 1999-ல் அமெரிக்கா காப்புரிமை தந்தது, எனோலா என்ற பெயரில். அந்த நிறத்துப் பீன்ஸ் மெக்சிகோவில் காலங்காலமாகப் பயிராவது. காப்புரிமையைக் காட்டி இறக்குமதியாளர்களிடம் பணம் கேட்டார்கள், மெக்சிகோ ஏற்றுமதி அடிபட்டது. கொலம்பியாவில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையம் 2000-ல் மறுபரிசீலனை கேட்டது, தன் விதை வங்கியிலேயே அதே மாதிரியான பீன்ஸ் இருக்கிறது என்று ஆதாரம் காட்டியது. இறுதித் தீர்ப்பு 2009-ல். வெல்ல கிட்டத்தட்ட ஒன்பது வருடம் ஆனது, அதற்குள் காப்புரிமையின் ஆயுளில் பாதி ஓடிவிட்டது.

எத்தியோப்பியாவின் டெஃப் தானியக் கதை இன்னும் வலிக்கக்கூடியது, ஏனென்றால் அங்கே விதை முறைப்படிதான் போனது. 2005-ல் ஒரு நெதர்லாந்து நிறுவனத்தோடு பலன் பகிர்வு ஒப்பந்தம் போட்டார்கள், உலகத்துக்கே முன்மாதிரி என்று அப்போது பேசப்பட்டது. அந்த நிறுவனம் 2009-ல் திவாலானது, டெஃப் மாவைப் பதப்படுத்துவது பற்றிய காப்புரிமை வேறு கைகளுக்குப் போனது, எத்தியோப்பியாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை. 2018-ல் ஹேக் நீதிமன்றம் அந்தக் காப்புரிமையின் நெதர்லாந்துப் பகுதியைச் செல்லாது என்றது. ஒப்பந்தம் எழுதும்போது, நிறுவனம் மூழ்கினால் என்ன ஆகும், உரிமைகள் கைமாறினால் கடமைகளும் சேர்ந்து போகுமா என்று ஒரு விதி வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

வேம்புப் பூஞ்சைக்கொல்லிக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் தந்த காப்புரிமையும் 2000-ல் ரத்தாகி, 2005 மேல்முறையீட்டில் அந்த ரத்து உறுதியானது. அதே அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் 2020 மே மாதம், வெறும் கலப்பாலும் தேர்வாலும் மட்டுமே பெறப்பட்ட தாவரங்களுக்குக் காப்புரிமை கிடையாது என்று முடிவு செய்தது. 2017 ஜூலை 1-க்கு முந்தைய விண்ணப்பங்களுக்கு அது பொருந்தாது.

விதை வங்கி நடத்துபவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சேமிப்பின் விவரங்களை, நிறம், உயரம், எதிர்ப்புத்திறன், சேகரித்த இடம், எல்லாவற்றையும் தேதியோடு பொதுவில் வெளியிடுங்கள். நாளை ஒருவர் உரிமை கேட்டால், ஏற்கெனவே இருந்தது என்று காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது.

விதை எதுவும் வாங்கவில்லை, தரவுத்தளத்திலிருந்து மரபணு வரிசையை மட்டும் இறக்கினேன். எனக்கும் விதிகள் உண்டா?

இதுதான் இப்போது அதிகம் கொதிக்கும் இடம். விதையே நகராமல், எழுத்துகளாக மட்டும் ஒரு மரபணு நாடு கடக்க முடியும் என்பது 1992-ல் கையெழுத்துப் போட்டவர்கள் யோசிக்காதது. இதை டிஜிட்டல் வரிசைத் தகவல் என்கிறார்கள். 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில், இதிலிருந்து வரும் பலனைப் பகிர ஒரு பலதரப்பு ஏற்பாடு வேண்டும் என்று உடன்படிக்கை நாடுகள் முடிவு செய்தன. 2024-ல் கொலம்பியாவின் காலி நகரில் அதற்கான நிதிக்கு வடிவம் கொடுத்தார்கள், காலி நிதி என்றே பெயர். இந்தத் தகவலால் பயனடையும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதம் அல்லது வருவாயில் 0.1 சதவீதம் தர வேண்டும் என்பது வழிகாட்டு அளவு, அதில் குறைந்தது பாதி பழங்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்பது நோக்கம். பொது ஆராய்ச்சி நிறுவனங்களும் கல்விக்கூடங்களும் பொதுத் தரவுத்தளங்களும் பணம் தர எதிர்பார்க்கப்படவில்லை.

எனவே ஆய்வாளராக நீங்கள் இன்று பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் சில நாடுகள் தங்கள் உள்நாட்டுச் சட்டத்திலேயே வரிசைத் தகவலையும் சேர்த்திருக்கின்றன, விதை வாங்கும்போது போட்ட ஒப்பந்தத்தில் வரிசையை வெளியிடுவது பற்றி ஒரு நிபந்தனை இருந்திருக்கலாம். நீங்களே வரிசைப்படுத்திப் பதிவேற்றுவதாக இருந்தால் அதைப் பார்த்துவிட்டுப் பதிவேற்றுங்கள், மூல நாட்டின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

காப்புரிமை விண்ணப்பத்தில் மூல நாட்டைச் சொல்ல வேண்டுமா?

பல நாடுகளில் ஏற்கெனவே கட்டாயம். 2024 மே 24-ல் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பு ஏற்றுக்கொண்ட புது ஒப்பந்தம் இதை உலக விதியாக்குகிறது, 15 நாடுகள் ஏற்றால் அமலுக்கு வரும் என்ற ஏற்பாட்டோடு. கண்டுபிடிப்பு ஒரு மரபணு வளத்தைச் சார்ந்திருந்தால் அது எந்த நாட்டிலிருந்து வந்தது, பாரம்பரிய அறிவைச் சார்ந்திருந்தால் எந்தச் சமூகத்திடமிருந்து வந்தது என்று எழுத வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் இழுத்த பேச்சுவார்த்தை அது.

விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது?

பயிர் ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவு விவசாயிகளின் உரிமையைச் சொல்கிறது: அவர்களின் பாரம்பரிய அறிவைக் காப்பது, பலனில் பங்கு, முடிவுகளில் பங்கேற்பு, சேமித்த விதையை வைத்துக்கொள்வதும் பரிமாறுவதும் விற்பதும். ஆனால் இதை நிறைவேற்றும் பொறுப்பை நாட்டுச் சட்டங்களின் கையில் விட்டுவிட்டது. உபோவின் 1991 திருத்தத்தில் விதை சேமிக்கும் விலக்கு நாடுகள் விரும்பினால் மட்டுமே, அதுவும் தன் நிலத்தில் தானே விதைக்க மட்டும். ஆய்வாளராக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விதை தந்த விவசாயியின் கிராமத்துக்கு முடிவுகளை அவர்கள் மொழியில் கொண்டுபோய்க் கொடுங்கள், நல்ல வரிசைகளைத் திரும்பக் கொடுங்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் செய்ய வேண்டியது அது.

கிரிஸ்பர் போன்ற மரபணுத் திருத்தக் கருவிகளை ஆய்வில் பயன்படுத்த அனுமதி வேண்டுமா?

கல்வி ஆய்வுக்கு அதன் முக்கிய உரிமையாளர்கள் பொதுவாகத் தடையின்றி விடுகிறார்கள். சந்தைக்குக் கொண்டுபோகும்போதுதான் உரிமம். கருவி, மரபணு, அதை இயக்கும் டி.என்.ஏ. பகுதியான ஊக்கி, பெற்றோர் ரகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமையாளர் இருக்கலாம். வைட்டமின் ஏ சத்துக்காக மரபணு மாற்றிய தங்க அரிசி தயாரானபோது 2000-ல் நடத்திய ஆய்வில் அதைத் தொட்டு நிற்கும் உரிமைகள் சுமார் 70 என்று தெரிந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு, வருடத்துக்கு 10,000 டாலருக்குக் கீழ் சம்பாதிக்கும் விவசாயிகளுக்குக் கட்டணமில்லை என்ற மனிதாபிமான உரிமத்தில் வழி பிறந்தது. தொடக்கத்திலேயே இந்தத் தேடலைச் செய்தால், சில இடத்தில் காப்புரிமை காலாவதியான ஊக்கியையோ உரிமையில்லாத கருவியையோ தேர்ந்தெடுத்துத் தப்பிக்கலாம்.

கட்டுரை வெளியிட்டால் உரிமை போய்விடுமா?

காப்புரிமைக்கு ஐரோப்பாவில் போய்விடும், வெளியிட்ட நாளிலிருந்து அது பழைய செய்தி. அமெரிக்காவில் 12 மாத அவகாசம் உண்டு. ரகப் பாதுகாப்புக்குக் கட்டுரை பொருட்டில்லை, விதையை விற்றதுதான் கணக்கு: உபோவில் உள்நாட்டில் 1 வருடம், வெளிநாட்டில் 4 வருடம், மரங்களுக்கும் திராட்சைக்கும் 6.

தாவர நலச் சான்றிதழ் இருக்கிறது, அது போதாதா?

போதாது. அது பூச்சியும் நோயும் இல்லை என்பதற்கு. பொருளை எடுக்க உரிமை உண்டா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அழியும் இனமென்றால், அவற்றின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் அனுமதி இன்னும் தனி.

நார்வேயின் ஸ்வால்பார்டு உலக விதைப் பெட்டகத்தில் வைத்த விதை நார்வேக்குச் சொந்தமாகிவிடுமா?

இல்லை. 2008-ல் திறந்த அந்தப் பெட்டகத்தில் வைத்தவருக்கே உரிமை, பெட்டியை வேறு யாரும் திறக்க முடியாது. சிரியாவின் அலெப்போ அருகே இருந்த விதை வங்கியைப் போரால் பயன்படுத்த முடியாமல் போனபோது, 2015-ல் அதை நடத்திய நிறுவனம்தான் தன் விதைகளைத் திரும்ப எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் பெருக்கியது.

எங்கள் குளிர்பெட்டியில் தாளே இல்லாத பழைய உறைகள் நூறு இருக்கின்றன. என்ன செய்ய?

முதலில் அதிலிருந்து எதையும் கலப்புக்கு எடுக்காதீர்கள், எடுத்தால் அந்தச் சந்தேகம் புது வரிசைக்கும் பரவும். ஒவ்வொரு உறைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: யார் கொண்டுவந்தது, ஏறத்தாழ எந்த வருடம், எந்த நாடு, எந்த வங்கி எண். பழைய வயல் குறிப்பேடுகளிலும் ஓய்வு பெற்றவர்களின் நினைவிலும் நிறைய கிடைக்கும், அவர்களை அழைத்துப் பேசுங்கள், தள்ளிப்போட்டால் கிடைக்காது. வங்கி எண் தெரிந்தால் அதே மாதிரியைப் புதிதாக, முறையான படிவத்தோடு மீண்டும் வாங்கிவிடலாம், பழையதைத் தூக்கிப் போடலாம். ஜெனசிஸ் என்ற இணையதளத்தில் உலகின் பல விதை வங்கிகளின் மாதிரிகளைத் தேடலாம். நாடு மட்டும் தெரிந்தால் அந்த நாட்டின் பொறுப்பு அலுவலகத்துக்கு நடந்ததை உள்ளபடி எழுதிக் கேளுங்கள். நான் எழுதிய இடங்களில் பெரும்பாலும் பதில் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. எதுவுமே தெரியாத உறைகள் மிஞ்சும். அவற்றை மாணவர்களுக்கு விதை அமைப்பைக் காட்டப் பயன்படுத்துங்கள், மேலே சிவப்பு மையில் 'கலப்புக்கு அல்ல' என்று எழுதி.